கிணற்றடி மரம், இலக்கம் ஒன்று

கச்சிமுகம்மது செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஒரு கொப்பை வெட்டுவதற்கு அனுமதி கேட்டார்.

மருதமுனையில் பத்துப் பேர்ச் அளவில் ஒரு வளவு வைத்திருக்கிற எந்த மனிதனும் செய்யாத வேலை அது. மற்றவர்கள் முதலில் வெட்டுவார்கள். யாராவது கேட்டால் காற்றுக்கு முறிந்தது என்பார்கள். அதற்கு மேலும் கேட்டால், கேட்டவருக்கு விறகில் ஒரு பங்கு போகும். கச்சிமுகம்மதுவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கைத்தறிச் சாறன்களை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மாவடிப்பள்ளி, இறக்காமம், வரிப்பத்தான்சேனை என்று இருபத்தாறு வருடமாக ஊர் ஊராய் விற்றுத் திரிகிறவர். வழிநெடுகச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் பழகியதோ என்னவோ, யாரும் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவார்.

கொப்பை வெட்ட வேண்டி வந்தது மகள் றிபாவால். அந்தக் கிழக்குக் கரையில் மகளைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். குடிவர ஒரு வீடு இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை. றிபாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கட்டாரில் பஸ் ஓட்டுகிறார். மார்கழியில் ஒரு மாத லீவில் வருவார், பத்தாம் திகதி நிக்காஹ். இப்போது மாசி. பின் வளவில் ஒரு மண்டபமும் இரண்டு அறையும் கட்டுவதாக முடிவு. பின் வளவில் கிணறு இருந்தது. கிணற்றடியில் ஒரு மரம். அந்த மரத்தின் கொப்பு ஒன்று, கூரை வர வேண்டிய இடத்துக்கு நேரே நீண்டு கிடந்தது.

மரத்துக்குப் பெயர் இல்லை. கிணற்றடியில் நின்றதால் கிணற்றடி மரம். பழம் தின்ன உதவாது. இலையை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கச்சிமுகம்மதுவின் மனைவி சுல்பிகாவுக்குச் சீதனமாக வந்த வளவு அது. மரமும் அதோடு வந்தது. யாரும் அதற்கென்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதில்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் கிணற்றடியில் வுழூச் செய்கிற தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி அதன் வேருக்குப் போகும். முகம் கழுவிய தண்ணீரையும் கால் கழுவிய தண்ணீரையும் குடித்துக்கொண்டு அது ஐம்பது வருடமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் நின்றது.

மேசன் அபூசாலி குற்றி அடித்து நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே கொப்பைத் தறிப்போம் என்றார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார் கச்சிமுகம்மது. அபூசாலியின் கையிலிருந்து நூல் கீழே விழுந்தது.

"ஆருட்ட?"

"கந்தோர்ல."

"எந்தக் கந்தோர்ல மச்சான்? கொப்பு உங்கட, வளவு உங்கட, கத்தி என்ட. இதுக்குள்ள கந்தோர் எங்கால வந்த?"

கந்தோர் கல்முனையில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அருந்தாவரப் பேணல் அதிகாரசபை, கரையோரப் பிராந்தியக் காரியாலயம் என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை. ஒன்பது உத்தியோகத்தர்கள், ஒரு ஜீப், மேல்மாடி முழுக்கக் குளிரூட்டி. அருந்தாவரம் மட்டும்தான் இல்லை. கந்தோர் திறந்து நாலு வருடத்தில் கரையோரத்துத் தென்னை, வேம்பு, பூவரசு எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டார்கள்; ஒன்றாவது அரிதாக இருக்கவில்லை. ஒரு மரத்தைக் காட்டுங்கள், அல்லது ஜீப்பைத் திருப்பி அனுப்புங்கள் என்று கொழும்பிலிருந்து இரண்டு கடிதம் வந்திருந்தது. இதெல்லாம் கச்சிமுகம்மதுவுக்குத் தெரியாது. நாலு இலையும் இரண்டு காயும் உள்ள ஒரு கிளையைச் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்தார்.

அந்த மேசை பர்ஸான் என்ற வெளிக்கள உத்தியோகத்தருடையது. கந்தோரில் தாவரவியல் படித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்குக் கதவோரத்து மேசை. பர்ஸான் இலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். கச்சிமுகம்மதுவுக்கு ஏசிக்குள்ளேயும் வியர்த்தது. அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை, தேத்தண்ணி கொடுத்தார்கள்.

பணிப்பாளர் ஜுனைட் உள்ளறையிலிருந்து வந்தார். வைகாசி வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். கிளையை ஒரு பீங்கானில் வைத்து, ஈரத்துணியால் மூடச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இந்த மரம் எத்தின நிக்கிது?"

"ஒண்டுதான் சேர்."

"நல்லா யோசிச்சுச் செல்லுங்க. பக்கத்து வளவில? ரோட்டோரத்தில?"

"இல்ல சேர். ஒண்டேதான்."

பணிப்பாளர் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். கச்சிமுகம்மது இந்த நல்ல நேரத்தைப் பார்த்துக் கொப்பு விசயத்தைச் சொன்னார். மகள், மாப்பிள்ளை, மார்கழி, கூரை எல்லாம் சொன்னார். பணிப்பாளர் அவருடைய தோளில் கையை வைத்தார்.

"கொப்பப் பத்தி இனி நீங்க யோசிக்கத் தேவையில்ல காக்கா. அது இப்ப நாட்டுட கொப்பு."

அடுத்த நாள் ஜீப் வந்தது. மரத்தைச் சுற்றி அளந்தார்கள், உயரம் பார்த்தார்கள், நிழலையும் அளந்தார்கள். கரையோரக் கருநாங்கு என்று பெயர் வைத்து, அதன் பின்னால் ஒரு லத்தீன் வாலையும் கட்டினார்கள். பிறகு ஆறங்குல ஆணி இரண்டை அடித்து ஒரு தகட்டை மாட்டினார்கள். "பாதுகாக்கப்பட்ட மரம், இலக்கம் 1. இம்மரத்தைக் காயப்படுத்துதல் தண்டனைக்குரிய குற்றமாகும்." ஆணி இறங்கிய இடத்திலிருந்து பால் வடிந்து தகட்டின் ஓரத்தால் ஒழுகியதை சுல்பிகா குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"ஆணி அடிக்கிறது காயமில்லையா தம்பி?"

"அது பதிவு, ராத்தா" என்றார் பர்ஸான். சொல்லும்போது அவர் சுல்பிகாவைப் பார்க்கவில்லை.

மரத்தைச் சுற்றிவர இருபதடி தூரம் தடைவலயம் என்று சட்டத்தில் இருந்தது. மஞ்சள் நாடா கட்டினார்கள். கிணறு உள்ளே போனது. குளியலறை உள்ளே போனது. குசினியில் பாதி உள்ளே போனது. அடுப்பு தடைவலயத்திலும் மிளகாய்த்தூள் போத்தல் வெளியிலும் நின்றன. பொதுமக்களுக்குச் சிரமம் கொடுப்பது எங்கள் நோக்கமல்ல என்று சொல்லி, வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் படம் ஒட்டிய நுழைவுச் சீட்டுக் கொடுத்தார் பணிப்பாளர். நுழைவின் நோக்கம் என்ற இடத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும்: ஆய்வு, பராமரிப்பு, அரச விழா. சமையல் என்று ஒன்று இல்லை. அன்றிலிருந்து சுல்பிகா தினமும் காலை ஆறரைக்கு ஆய்வுக்குப் போய், புட்டு அவித்துக்கொண்டு வந்தார்.

வீடு கட்டுவதைப் பற்றிக் கேட்டபோது ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். அதில் பதினாலாவது கேள்வி: கட்டப்படவுள்ள வீட்டினால் மரத்துக்கு என்ன நன்மை?

கச்சிமுகம்மதுவால் அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் சாறன் கட்டோடு வெளிக்கிடுவார்; மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டியதும், இப்போது வளவில் என்ன நடக்கிறதோ என்று திருப்பிக்கொண்டு வருவார். வந்து பார்த்தால் நாடா ஆடும், வேறொன்றுமில்லை. மறுபடி போவார். இறக்காமத்தில் தைத்த சாறன் கேட்டவருக்கு மூட்டாத சாறனைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனிதர் அதைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், காற்றடித்ததும் பட்ட பாட்டை ஊர் ஒரு கிழமை கதைத்தது.

பங்குனியில் ஒருநாள் லுஹருக்கு வுழூச் செய்துகொண்டிருந்தபோது, மேற்பார்வைக்கு வந்திருந்த பணிப்பாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கச்சிமுகம்மதுவின் காலைக் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைத் தொடர்ந்து அவருடைய கண்ணும் ஓடியது.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"மரத்துக்கு சேர்."

"எவ்வளவு காலமா?"

"மரம் நிக்கிற காலமா."

"ஆர் அனுமதி தந்த?"

கச்சிமுகம்மது யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யாரும் தரவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பாதுகாக்கப்பட்ட மரத்துக்கு அனுமதிக்கப்படாத திரவம் வழங்கப்பட்டு வருவது அவதானிக்கப்பட்டுள்ளது. திரவத்தில் ஒரு போத்தல் எடுத்து, முத்திரை வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வாய்க்காலை அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாய் போட்டு, வுழூத் தண்ணீரைப் பின் வேலியடிக்குத் திருப்பினார்கள். மரத்துக்கு நேரே ஒரு கெமராவும் பூட்டினார்கள். கச்சிமுகம்மது பயந்துவிட்டார் என்று கண்டு பணிப்பாளர் ஆறுதல் சொன்னார்.

"வுழூத் தண்ணியில பிழையில்ல காக்கா, நானும் தொழுறவன். ஆனா இது விஞ்ஞானம். ஒரு அரிய மரத்துக்கு சாமானியமான தண்ணியக் குடுக்கேலாது. அதுட தரத்துக்கு என்ன தண்ணி என்டு கொழும்பில முடிவெடுப்பாங்க."

சித்திரையில் அங்குரார்ப்பண விழா. கொழும்பிலிருந்து அதிகாரசபையின் தலைவர் வருகிறார். வேர் மிதிபடாமல் இருக்கவும், தலைவர் நின்று பேசவும் ஒரு கொங்கிறீட் மேடை போடச் சொல்லி அபூசாலியிடமே வேலையைக் கொடுத்தார்கள். ஏற்கனவே அடித்த குற்றி இருக்கிறது, புதிதாக எதற்கு அளப்பது என்று, வீட்டு மண்டபத்துக்கு அடித்த அதே குற்றியில் நூலைக் கட்டினார் அபூசாலி. மரம் உள்ளே வருவதற்கு ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் நீட்டினார். கம்பியும் சிமெந்தும் அரசாங்கத்துடையவை என்பதால், மாடி வீடு தாங்குகிற கனத்துக்குப் போட்டார். மரத்தின் அடியை நெரித்துக்கொண்டு கொங்கிறீட் இறுகியது.

விழாவன்று காலை இன்னொரு சிக்கல். தலைவரின் படம் போட்ட பெரிய பதாகையை ஒரு கொப்பு மறைத்தது. பணிப்பாளர் தலையை அசைத்தார், இரண்டு பேர் ஏறினார்கள், கொப்பு விழுந்தது. கூரைக்குக் குறுக்கே நின்ற அதே கொப்பு. பிளாஸ்டிக் கதிரையில் இருந்த கச்சிமுகம்மது எழுந்துவிட்டார்.

"சேர், நான் கேட்டது அந்தக் கொப்பத்தான் சேர்."

"அதிகாரசபை வெட்டினா அது வெட்டுற இல்ல காக்கா" என்றார் பணிப்பாளர். "அது முகாமைத்துவம்."

தலைவர் வெள்ளை உடுப்போடு மேடையில் ஏறினார். கடதாசியைப் பார்த்து வாசித்தார்.

"பெரியோர்களே, இந்த அரிய மரம் அரை நூற்றாண்டுக்கு மேலாக எந்தத் திட்டமும் இல்லாமல், எந்த மேற்பார்வையும் இல்லாமல், ஓர் உத்தியோகத்தரின் கையொப்பம்கூட இல்லாமல் உயிரோடு இருந்திருக்கிறது. இது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். இனிமேல் அந்த நிலை தொடராது என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்."

நீண்ட கைதட்டல். தலைவருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக மருதமுனைச் சாறன் ஒன்றைப் போர்த்தினார்கள். கச்சிமுகம்மதுவின் மூட்டையிலிருந்து எடுத்ததுதான்.

வைகாசியில் மாப்பிள்ளையின் உம்மா சுஹறா சாய்ந்தமருதிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். வீட்டைப் பார்க்க வந்தவர். நாடாவைப் பார்த்தார், கெமராவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

"வீடு எங்க மச்சி?"

சுல்பிகா மேடையைக் காட்டினார். சுஹறா அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்ட மகன் கட்டார்ல இருந்து வந்து மேடையிலயா படுக்கிற? நான் கெட்டவளில்ல மச்சி, உங்கட புள்ளயில எனக்கு விருப்பம்தான். ஆனா மார்கழி பத்துக்கு வீடு நிக்கணும். வீட்டோட எத்தின புள்ளையள் இரிக்கிதுகள்."

ஓட்டோ போன பிறகு சுல்பிகா கச்சிமுகம்மதுவுக்குச் சோறு போட்டார். றிபா சாப்பிட வரவில்லை. அவள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கெமராவைப் பார்த்தாள்.

"நானும் இந்த வளவில ஒண்டுதானே வாப்பா. என்னையும் கொண்டு போய்ப் பதிஞ்சு விடுங்க."

கச்சிமுகம்மது சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கே போவதென்று தெரியாமல் ஒலுவில் துறைமுகம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், கடலைப் பார்க்காமலேயே திரும்பி வந்தார்.

ஆனியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. மரத்தின் இலை மஞ்சளாகி, சுருண்டு, மேடையில் கொட்டியது. சாகப்போகிற மரம் காய்க்குமே, அப்படிக் காய்த்துப் பழத்தையும் கொட்டியது. தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டுக் கச்சிமுகம்மது எழுதினார். பதில் ஒழுங்காக வந்தது: காய்ந்துகொண்டிருக்கும் மரத்துக்கு மட்டுமே நீர் வழங்கலாம், காய்ந்துகொண்டிருப்பதை நிபுணர் குழு உறுதிப்படுத்த வேண்டும், குழு நியமிக்கப்பட்டதும் அறியத்தரப்படும். பொறுக்க முடியாமல் ஒருநாள் பட்டப்பகலில் ஒரு வாளி ஊற்றிவிட்டார். இரண்டாம் நாள் எச்சரிக்கைக் கடிதம் படத்தோடு வந்தது. கையில் வாளி, முகத்தில் வெயில். சுல்பிகா கடிதத்தை எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். கலியாணத்துக்குப் பிறகு தன் மனிதருக்கு விழுந்த முதல் நல்ல படம் அதுதானாம்.

அதிகாரசபை மேடையை மட்டும் சுத்தமாக வைத்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து இலையையும் பழத்தையும் கூட்டி, பின் வேலியடியில் கொட்டிவிட்டுப் போகும். வேலியடியில்தான் வுழூத் தண்ணீர்க் குழாயின் வாய் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போன கச்சிமுகம்மது அங்கேயே குந்திவிட்டார். சேற்றில் விரற்கடை உயரத்தில் கன்றுகள். இலை அவருக்குத் தெரிந்த இலை. எண்ணினார். நம்பாமல் திரும்ப எண்ணினார். நாற்பத்திமூன்று. ஒன்றை மண்ணோடு கிளப்பி, தயிர்ச் சட்டியில் வைத்து, பசியாறாமல் கல்முனைக்கு ஓடினார். மரம் பெருகிவிட்டது, இனிக் கட்டுப்பாடு எதற்கு, வீட்டுக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று வழிநெடுக மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனார். முதற் பிழையை அவர் இரண்டாந்தரமும் செய்தார் என்று சொல்வது சரிதான்.

பணிப்பாளர் சட்டியைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். பத்திரிகையை விரித்துச் சட்டியை மூடினார்.

"இத வேற ஆருக்கும் காட்டினீங்களா?"

"இல்ல சேர். முதல் உங்களுக்குத்தான்."

"எத்தின?"

"இதோட நாப்பத்திமூணு."

பணிப்பாளர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். இவ்வளவு காலத்தில் அவர் கடதாசியை வாசிக்கிற மாதிரி இல்லாமல் கதைத்தது அன்றைக்குத்தான்.

"காக்கா, நான் திறந்து கதைக்கிறன். உலகத்தில ஒண்டு என்டு எழுதித்தான் இந்தக் கந்தோர் ஓடுது. ஒண்டு என்டபடியாத்தான் ஜீப்பு. ஒண்டு என்டபடியாத்தான் ஒம்பது பேருக்கு வேல. வாற மாசம் வெளிநாட்டில ஒரு மகாநாட்டில பேசப் போறன், தலைப்பே 'எஞ்சிய ஒன்று'. இப்ப நீங்க நாப்பத்திமூணக் கொண்டு வந்து வெச்சா, நான் அங்க போய் என்னத்தப் பேசுற?"

"மரம் பெருகினா நல்லந்தானே சேர்?"

"மரத்துக்கு நல்லம்" என்றார் பணிப்பாளர். "பேணலுக்கு நல்லதில்ல."

பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, தானே நிரப்பி, தானே ஒப்பமிட்டு, முத்திரையும் குத்தினார். பின் வேலியோரம் முளைத்துள்ள இனந்தெரியாத களைகள் நாற்பத்திமூன்றும் வேரோடு பிடுங்கி அழிக்கப்பட வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கந்தோரில் கச்சிமுகம்மதுவுக்குக் கேட்காமலே கிடைத்த அனுமதி அது ஒன்றுதான். சட்டியையும் கொண்டு போய்க் கழுவி வையுங்கள் என்றும் சொன்னார்.

மாடிப்படியில் பர்ஸான் எதிரே வந்தார். சட்டியைப் பார்த்தார், கையிலிருந்த கடதாசியை வாங்கி வாசித்தார், திருப்பிக் கொடுத்தார். மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆணி வேர் அறாமக் கிளப்புங்க காக்கா. வெயில்ல வேணாம், அசருக்குப் பொறகு. அடி மண்ணோட."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கச் சாறன் கட்டுக்கு நடுவே தயிர்ச் சட்டிகளும் பால்மாப் பேணிகளும் பயணம் போயின. மாவடிப்பள்ளியில் ஒன்பது. இறக்காமத்தில் பதினொன்று, மூட்டாத சாறன்காரருக்கு ஒன்று, பகை தீரட்டும் என்று. வரிப்பத்தான்சேனையில் பதினாறு. ஒலுவிலில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற ஆளுக்கும் வலை தைக்கிற ஆளுக்கும் மிச்சம். சாறன் வாங்கினால்தான் என்றில்லை. கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே கதைதான் சொன்னார். வுழூத் தண்ணி ஓடுகிற இடத்தில் நட வேண்டும். யாரும் பெயர் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். கடைசியாகச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்.

"எந்தக் கந்தோருக்கும் ஒரு இலையும் கொண்டு போகாதீங்க."

ஆவணி முடிய மரம் செத்தது. ஆனால் நிபுணர் குழு நியமிக்கப்படாததால் கடதாசியில் அது உயிரோடு இருந்தது. மகாநாட்டிலிருந்து திரும்பிய பணிப்பாளருக்கு இன்னொரு தலையிடி. அங்கே அவர் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த வெளிநாட்டுக்காரர்கள் மரத்தைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் யோசித்து, இலக்கம் ஒன்றைப் பாதுகாப்பான இடத்துக்கு இடமாற்றம் செய்ய உத்தரவு போட்டார். மேடை வேரை விடவில்லை, அடியோடு அறுத்தார்கள். கந்தோர் மாடிப்படியின் வளைவில் மரம் திரும்பவில்லை. மூன்றாக அறுத்து மேலே ஏற்றி, போல்ட் போட்டு முடுக்கினார்கள். வார்னிஷ் அடித்தார்கள். கல்முனைக் கடையில் கிடைத்த பிளாஸ்டிக் மாவிலையைக் கொப்புக் கொப்பாகக் கட்டினார்கள். பார்க்கப் போன கச்சிமுகம்மதுவிடம் பணிப்பாளர் மனம் நிறைந்து சொன்னார்.

"இனி இதுக்கு ஒண்டும் வராது. தண்ணி கேக்காது, இல கொட்டாது, குட்டி போடாது. பேணுறத்துக்கு ஏத்த மரம் என்டா இதான் காக்கா."

சட்டம் சட்டம்தான். தடைவலயம் இலக்கம் ஒன்றுக்கு உரியது. மரம் போன இடத்துக்கு அதுவும் போனது. கந்தோரின் நடுவில் இருபதடிக்கு மஞ்சள் நாடா கட்டப்பட்டது. ஐந்து மேசையும் கக்கூசும் உள்ளே அகப்பட்டன. உத்தியோகத்தர்கள் கழுத்தில் நுழைவுச் சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நாளைக்கு நாலு தரம் ஆய்வுக்குப் போய் வந்தார்கள்.

வளவிலிருந்து நாடா அவிழ்ந்த அன்றே அபூசாலி கல் இறக்கினார். மேடையை ஒருமுறை மண்வெட்டிப் பிடியால் தட்டிப் பார்த்தார். மண்டபத்துக்கு அடித்த குற்றியில் போட்ட மேடை; மண்டபம் அதன்மேல் ஒரு விரல் பிசகாமல் உட்கார்ந்தது. அடித்தளம் போடுகிற ஒரு மாதம் மிச்சம். நீட்டிய மூலையில் மரத்தின் அடிக்கட்டை தெரிந்தது. அதன்மேல் சீமெந்து பூசி, அலுமாரி வைக்க அளவான இடம் என்றார். மார்கழி எட்டாம் திகதி சுஹறா வந்து நிலத்தைக் குதிகாலால் இடித்துப் பார்த்தார். ஆருடைய அத்திவாரம் இது, இவ்வளவு பலமாக இருக்கிறது என்று கேட்டார். அரசாங்கத்துடையது என்றார் சுல்பிகா. பத்தாம் திகதி நிக்காஹ் நடந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம், வரிப்பத்தான்சேனையில் நஸ்லியா என்ற பெண்ணின் முற்றத்தில் கச்சிமுகம்மது சாறன்களை விரித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது. பணிப்பாளர் இறங்கினார். முன்னைவிட மெலிந்திருந்தார். ஒரே மரத்தை எத்தனை வருடம்தான் காட்டுவீர்கள், இலக்கம் இரண்டு எங்கே என்று கொழும்பிலிருந்து மறுபடி கடிதம் வரத் தொடங்கியிருந்ததாம். தண்ணீர் கேட்டுக் குடித்தார். குடித்துக்கொண்டே கிணற்றுப் பக்கம் பார்த்தார். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரம் காற்றில் அசைந்துகொண்டு நின்றது. கச்சிமுகம்மதுவின் கை சாறன் மடிப்பிலேயே நின்றுவிட்டது.

பணிப்பாளர் கிட்டப் போய் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் மாவிலையைப் பார்த்துப் பழகிய கண். அது என்ன இலை என்று அவருக்குத் தெரியவில்லை.

"இது என்ன மரம்?"

"தெரியா சேர். சும்மா நிக்கிது" என்றார் நஸ்லியா.

"இதுமாதிரி வேற எங்கயும் நிக்கிதா? இல்லாட்டி இது ஒண்டுதானா?"

அந்த ஒண்டு என்ற சொல்லைச் சொல்லும்போது அவருடைய முகம் எப்படி மலர்ந்தது என்பதைக் கச்சிமுகம்மது முன்பு ஒருமுறை பார்த்திருந்தார். நஸ்லியா வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ஊரெல்லாம் நிக்கிது சேர். பத்தக் காடு மாதிரி. வெட்ட வெட்ட முளைக்கிது. ஆடும் தின்னாது."

பணிப்பாளர் இலையை விட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங்களுக்குச் சரிவராது."

ஜீப்பில் பின்னால் இருந்த பர்ஸான் இறங்கவேயில்லை. கண்ணாடியை இறக்கி, மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மறுபக்கத்து வயலைப் பார்த்தபடி இருந்தார். ஜீப் போனது.

அசருக்குப் பாங்கு சொன்னது. கச்சிமுகம்மதுவுக்கு இன்னும் இரண்டு ஊர் போக வேண்டியிருந்தது. ஆனாலும் சாறனை உயர்த்திக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவினார், கை கழுவினார், தலையைத் தடவினார். காலைக் கழுவுவதற்கு மட்டும் அன்றைக்கு அவருக்கு மூன்று வாளி தேவைப்பட்டது.